கன்று குறுக்கே வராத பாதை

தமிழ் இலக்கியத்திலேயே மிகப் பிரபலமான சாலை விபத்து எது? கொஞ்சம் யோசியுங்கள்.

கண்டுபிடித்துவிட்டீர்கள்! திருவாரூர் வீதியில் நடந்ததுதான். இளவரசன் வீதிவிடங்கன் தேரில் வருகிறான். கூடவே பரிவாரம், வாத்தியம், ஏக அமர்க்களம்! எங்கிருந்தோ துள்ளி ஓடி வந்த பசுங்கன்று ஒன்று சக்கரத்துக்குள் புகுந்துவிடுகிறது. அவ்வளவுதான். தாய்ப்பசு நேராக அரண்மனைக்குப் போய்க் கொம்பால் ஆராய்ச்சி மணியை அடிக்க, மனுநீதிச் சோழன் இறங்கி வந்து, விஷயத்தைத் தெரிந்துகொண்டு, பெற்ற மகனையே தேர்க்காலில் கிடத்தி... மீதி உங்களுக்கே தெரியும்.

இந்தக் கதையைப் பெரியபுராணத்தில் விரிவாகச் சொன்னவர் சேக்கிழார். காலம், 12-ம் நூற்றாண்டு. சொந்த ஊர்? நம்ம குன்றத்தூர்!

இப்போது எதற்குச் சேக்கிழார் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. குன்றத்தூருக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை. அங்கே ஒரு பாதை இருக்கிறது. நீளம், 3.7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அது எந்த ஊருக்கும் போகாது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சேரும். கார்களும் பைக்குகளும் தலைதெறிக்க ஓடுவதற்கென்றே போட்ட பாதை. 1990-ல் திறக்கப்பட்ட அந்தப் பந்தயத் தளத்தின் சொந்தக்காரர், 'மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்'.

'பணக்கார வேகப் பைத்தியங்களின் கிளப்தானே?' என்று கேட்கலாம். பணமும் உண்டு, பைத்தியமும் உண்டு. மறுப்பதற்கில்லை. ஆனால், 1953-ல் ஆரம்பித்த அந்த கிளப்பின் கதையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், இன்னொன்றும் தெரியும். கன்று குறுக்கே வராத ஒரு பாதைக்காக 37 வருஷம் காத்திருந்த கூட்டம் அது!

முதலில், அப்படியொரு பாதை ஏன் தேவைப்பட்டது என்று பார்த்துவிடலாம். அதற்குக் கொஞ்சம் பிரான்ஸ் வரை போய்வர வேண்டும்.

மோட்டார் கார் பிறந்த கையோடு கார்ப் பந்தயமும் பிறந்துவிட்டது. ஆரம்பத்தில் எல்லாமே ஊர்விட்டு ஊர் போகிற பந்தயங்கள். 1903 மே மாதம், பாரிஸிலிருந்து மாட்ரிட் வரை ஒரு பிரமாண்டப் பந்தயம். இருநூற்றுச் சொச்சம் வண்டிகள். வழிநெடுக லட்சக்கணக்கில் ஜனங்கள். காரைக் கண்ணாலேயே பார்த்திராத கிராமத்து ஆட்கள், நடுரோட்டில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். புழுதியோ புழுதி! ஓட்டுபவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. நாய், மாடு, மனிதர்கள் என்று எல்லாம் குறுக்கே வந்தன. வேடிக்கை பார்த்தவர்களும் செத்தார்கள், ஓட்டியவர்களும் செத்தார்கள். 'ரெனோ' கார் கம்பெனியின் சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் போய்ச் சேர்ந்தார். பிரான்ஸ் அரசு பதறிப்போய்ப் பந்தயத்தை போர்தோ நகரத்தோடு நிறுத்திவிட்டது. மிச்சமிருந்த கார்களைக் குதிரை பூட்டி ரயில் நிலையத்துக்கு இழுத்துப்போனார்கள். எஞ்சினைக் கிளப்பக்கூட அனுமதி இல்லை!

இங்கிலாந்திலோ பொதுச் சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம். 'சரி, பொதுச் சாலையே வேண்டாம்' என்று ஒரு நிலச்சுவான்தார் தன் சொந்த நிலத்தில் கான்க்ரீட் பாதை போட்டார். அதுதான் ப்ரூக்லேண்ட்ஸ், 1907. மோட்டார் பந்தயத்துக்கென்றே உலகில் முதன்முதலாகக் கட்டப்பட்ட பெரிய தளம்.

வேகம் வேண்டுமா, தாராளமாக வைத்துக்கொள். ஆனால், அதற்கென்று தனி இடம் பார்த்துக்கொள். பாரிஸ்-மாட்ரிட் சாலையில் உயிர்களைக் கொடுத்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது.

இனி, நம்ம ஊருக்கு வருவோம்.

1953-ல் மெட்ராஸில் கார் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர். அதை வைத்துக்கொண்டு பந்தயம் விட ஆசைப்பட்டவர்கள் அதிலும் கொஞ்சம். வெள்ளைக்காரர்களும் நம்மவர்களுமாகச் சேர்ந்து கிளப்பை ஆரம்பித்தாயிற்று. எங்கே ஓட்டுவது? மவுன்ட் ரோட்டிலா?

அதற்கு விடை, நகரத்துக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டிருந்தார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போயின, நீளமான கான்க்ரீட் தரை மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. ஐம்பதுகளில் கிளப்பின் பந்தயங்கள் அங்கே சூடு பிடித்தன.

உலகம் முழுக்க அப்போது இதே கதைதான். இன்று ஃபார்முலா ஒன் ரசிகர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சில்வர்ஸ்டோன் என்ன? குண்டுவீச்சு விமானங்களுக்கான பயிற்சித் தளம்! அமெரிக்காவின் செப்ரிங்? அதுவும் ராணுவ விமானத் தளம்தான்.

சில்வர்ஸ்டோனைப் பற்றி ஒரு சுவாரஸ்யமான சம்பவம். 1947-ல் சில நண்பர்கள், யாரிடமும் அனுமதி வாங்காமல், ஆளில்லாத அந்த ஓடுதளத்தில் தங்களுக்குள் ஒரு பந்தயம் விட்டுப் பார்த்தார்கள். ஆள்தான் இல்லை, ஆடு இருந்தது! மேய்ந்துகொண்டிருந்த ஒன்று குறுக்கே வர, கார் மோதி, ஆடும் காலி... காரும் காலி! அதற்கு 'மட்டன் கிராண்ட் ப்ரீ' என்றே பெயர் வந்துவிட்டது. திருவாரூர்க் கன்று இங்கிலாந்தில் ஆடாக வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு அடுத்த வருஷமே, 1948-ல், அதே இடத்தில் முறைப்படி பெரிய பந்தயம் நடந்தது.

சோழவரத்துக்குத் திரும்புவோம்.

அங்கே எந்த கார்கள் ஓடின என்று பார்த்தால் சிரிப்பு வரும். அது லைசென்ஸ் ராஜ்யம். வெளிநாட்டு கார் இறக்குமதி என்பது குதிரைக்கொம்பு. இந்தியாவில் கிடைத்தவை அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மூன்றே மூன்று! இதில் ஹெரால்ட், தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர்-வண்டலூர் பக்கத் தொழிற்சாலையில் தயாரானது. மாமா, அத்தை, நான்கு குழந்தைகள், ஊறுகாய் ஜாடி சகிதம் கல்யாணத்துக்குப் போகிற குடும்பக் கார்! அதைத்தான் நம்ம ஆட்கள் பந்தயக் காராக மாற்றினார்கள்.

எப்படி? ஸீட்டைக் கழற்று. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்று. எடை குறையட்டும். எஞ்சின் தலையை இழைத்து அழுத்தத்தைக் கூட்டு. கார்ப்புரேட்டரை மாற்று. உதிரிப் பாகம் கிடைக்கவில்லையா, லேத்தில் கொடுத்துக் கடைந்துகொள். சென்னை, கோயம்புத்தூர் மெக்கானிக்குகளின் கைவண்ணம் அது. மோட்டார் படித்த இன்ஜினீயர்களும் பள்ளிக்கூடத்தையே எட்டிப் பார்க்காத மெக்கானிக்குகளும் ஒரே பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற இடம், சோழவரம். கார்கள் மட்டுமல்ல, மோட்டார் சைக்கிள்களும் ஓடின. திருவொற்றியூரில் தயாரான 'என்ஃபீல்ட்' இருக்கும்போது கேட்கணுமா?

இன்னொரு பக்கம் ராஜாக்களும் வந்தார்கள். குஜராத்தின் கோண்டல் சமஸ்தானத்து இளவரசர், சோழவரத்தில் பிரசித்தம். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, 'என்சைன்' என்ற நிஜமான ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து இறக்கினார். ஒரு பக்கம் இழைத்துத் தேய்த்த ஹெரால்ட், இன்னொரு பக்கம் ஃபார்முலா ஒன்! பார்க்கக் கூட்டம் அலைமோதியது.

ஆனால், சோழவரம் கடன் வாங்கிய இடம்தானே? விமானத்துக்காகப் போட்ட தரை. வளைவு கிடையாது, இவர்களாக டயர்களை அடுக்கித்தான் வளைவை உண்டாக்க வேண்டும். வருஷத்துக்குச் சில நாட்கள் ஓட்டலாம், அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான். தினமும் பழகுவதற்கு ஏது இடம்?

இந்த நேரத்தில்தான் ஒரு கோயம்புத்தூர்க்காரர் கதைக்குள் வருகிறார். எஸ்.கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பம். பணத்துக்குக் குறைவில்லை. வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கி, ஜெயித்து, கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. 1983-ல் வந்திருந்த மாருதி 800-ன் சின்னஞ்சிறு எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். 'ஃபார்முலா மாருதி'. ஆண்டு 1988. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே எஞ்சின். செலவு குறைவு. யாரிடம் பணம் அதிகம் என்ற கேள்வி பின்னால் போய், யாருக்கு நன்றாக ஓட்டத் தெரியும் என்ற கேள்வி முன்னால் வந்தது.

சரியாக 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தளமும் திறந்தது. இனிமேல் விமானத்துறையிடமோ ராணுவத்திடமோ கை ஏந்த வேண்டாம். நிஜமான வளைவுகள். சொந்த இடம். கிளப்பின் கனவு பலித்தது!

பலன் என்ன தெரியுமா? கோவையிலிருந்து ஒரு சின்னப் பையன் வந்தான். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன், ராலி வீரர். பையன் தன் முதல் பந்தயத்தை ஃபார்முலா மாருதி காரில் இந்தத் தளத்தில்தான் ஓட்டினான். முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தான். அவன்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் 'ஜோர்டான்' அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர்! அடுத்து, 2010-ல் நம்ம சென்னையின் கருண் சந்தோக். அப்பா விக்கி, தாத்தா இந்து என்று மூன்று தலைமுறையாக மோட்டார் பந்தயமே மூச்சு. இந்தியாவிலிருந்து இதுவரை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கியவர்கள் இந்த இரண்டே பேர். இரண்டு பேருமே தமிழ்நாடு!

கரிவரதனால் இதையெல்லாம் பார்க்க முடியவில்லை. 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தளத்துக்கு அவருடைய பெயர்தான்: 'கரி மோட்டார் ஸ்பீட்வே'.

சரி, தனி இடம் கிடைத்துவிட்டது. அத்தோடு ஆபத்து போய்விட்டதா? இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்கணும்.

பந்தயத் தளத்தில் ஓட்டுபவரைவிட முக்கியமான ஆள் ஒருவர் உண்டு. உங்கள் கண்ணிலேயே பட மாட்டார். வளைவுக்கு வளைவு, உச்சி வெயிலில், கையில் கொடியோடு நிற்கும் 'மார்ஷல்'. மஞ்சள் கொடி ஆட்டினால் முன்னால் ஆபத்து, யாரும் யாரையும் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் பந்தயம் நிறுத்தம். கோடீஸ்வரனாக இருந்தாலும் கொடிக்குக் கட்டுப்பட்டே தீர வேண்டும். பந்தயத்துக்கு முன்பே ஒவ்வொரு காரையும் அக்குவேறு ஆணிவேறாகச் சோதிப்பார்கள். ஓட்டுபவரைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு. உடம்பை ஸீட்டோடு இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள். ஹெல்மெட். தீப்பிடிக்காத உடை. ஆம்புலன்ஸும் டாக்டரும் தயாராக இல்லையென்றால் பந்தயம் தொடங்காது.

2011-ல் டெல்லி அருகே புத் தளத்தில், இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். முதல் நாள் பயிற்சியின்போது தெருநாய் ஒன்று ஜாலியாகப் பாதைக்குள் நுழைந்துவிட்டது! உலகம் முழுக்கச் சிரித்தது, நமக்கும் மானம் போயிற்று. ஆனால், கவனித்தீர்களா? உடனே சிவப்புக் கொடி. உலகின் அதிவேக கார்கள் அத்தனையும் ஒரு நாய்க்காக நின்றன. வீதிவிடங்கனுக்கு முன்னால் அப்படி ஒரு கொடி ஆட யாரும் இல்லை.

இத்தனை இருந்தும் மரணம் உள்ளே வரத்தான் செய்கிறது. 1955-ல் பிரான்ஸின் லெமான் தளத்தில் ஒரு கார் பார்வையாளர்கள் பக்கமாகச் சிதறியதில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தடுப்புச்சுவர் என்றால் என்ன என்பதை உலகம் அன்றுதான் சீரியஸாக யோசித்தது. சுவிட்சர்லாந்து, 'எங்கள் நாட்டில் இனி தளப் பந்தயமே கிடையாது' என்று தடைபோட்டு, பல பத்தாண்டுகள் அந்தத் தடையைக் கட்டிக்காத்தது.

நம் இருங்காட்டுக்கோட்டையிலும் 2023 ஒரு கறுப்பு ஆண்டு. ஜனவரி 8 அன்று, தேசிய கார்ப் பந்தயத்தில் கே.ஈ.குமார் இறந்தார். வயது 59. பல காலம் ஓட்டிய அனுபவசாலி. இன்னொரு கார் மீது உரசிய அவருடைய கார், பாதையைவிட்டு விலகிக் கவிழ்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த ஒரு பையன் விழுந்து இறந்தான். வயது 13.

முதல் மரணத்தைப் பற்றி நாம் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தெரிந்தே இறங்கினார், விரும்பியதைச் செய்துகொண்டிருந்தார் என்று. 13 வயதுக்கு என்ன சமாதானம் சொல்வது? ஆபத்து என்றால் என்னவென்று எடை போட்டுப் பார்த்துச் சம்மதம் சொல்கிற வயதா அது? 'சின்ன வயசிலேயே ஆரம்பித்தால்தான் சாம்பியனாக முடியும்' என்று இந்த விளையாட்டில் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். இரண்டு உண்மைகளுக்கும் நடுவே அந்தப் பையனின் பெற்றோர் நிற்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. கேள்வியை மட்டும் உங்கள் முன்னால் வைக்கிறேன்.

ஆனால், ஒன்றை நிச்சயமாகச் சொல்ல முடியும். தளத்தில் ஓர் உயிர் போனால் அது செய்தி. பந்தயம் நிற்கும், விசாரணை நடக்கும். வெளியே சாலையில்? 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. இந்தியக் கணக்கில் பத்தில் ஏழுக்கும் மேற்பட்ட மரணங்களுக்கு அரசாங்கம் சொல்லும் காரணம், அதிவேகம். இதற்கு எந்த மார்ஷல் சிவப்புக் கொடி ஆட்டினார்?

அஸ்வின் சுந்தரை நினைவிருக்கிறதா? ஃபார்முலா 4 தேசிய சாம்பியன். பந்தயத் தளங்களில் எத்தனையோ சுற்றுகளைப் பத்திரமாக ஓட்டி முடித்தவர். 2017 மார்ச் மாதம் ஓர் இரவு, சென்னை சாந்தோம் பக்கம் அவருடைய கார் மரத்தில் மோதித் தீப்பிடித்தது. அவரும் மனைவியும் வெளியே வர முடியாமல் உள்ளேயே இறந்தார்கள். தளத்தில் அதே விபத்து நடந்திருந்தால், அரை நிமிஷத்தில் தீயணைக்க ஆள் ஓடி வந்திருக்கும்.

குன்றத்தூர்ப் பக்கமாகப் போகிறதே, வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலை... 62 கிலோமீட்டர். வழவழவென்று கிடக்கும் சாலை. அந்த மாதிரி சாலைகளைப் பார்த்ததும் இளவட்டங்களுக்குக் கை துறுதுறுக்கிறது. பைக்கை முறுக்குகிறார்கள். பொதுச் சாலையில் அனுமதி இல்லாமல் பந்தயம் விட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை ஜெயிலோ, அல்லது இரண்டுமோ. மறுபடி மாட்டினால் இன்னும் அதிகம்.

அதே திருத்தத்தில் இன்னொரு பிரிவும் வந்தது. 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், தண்டனை பெற்றவருக்கு! மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். மனுநீதிச் சோழன் மகனைத் தண்டித்தான். இன்றைய சட்டம் மனுநீதியையே தண்டிக்கச் சொல்கிறது. 'சாவியைக் கொடுத்தது யார்?' என்று கேட்கிறது. நியாயமான கேள்விதானே?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் ஒரு விசித்திரம் நடந்தது. நூறு வருஷத்துக்கும் முன்னால் சாலையைவிட்டு வெளியேறிய பந்தயம், சென்னையில் மறுபடி சாலைக்கே வந்தது! தீவுத்திடலைச் சுற்றி, 3.5 கிலோமீட்டர், ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4. கோர்ட், கேஸ், மிக்ஜாம் புயலால் தள்ளிவைப்பு என்று ஏகப்பட்ட தடைகளைத் தாண்டி நடந்தது. அரசுப் பணம் இதற்கா என்று ஒரு கோஷ்டி, சென்னைக்குப் பெருமை என்று ஒரு கோஷ்டி. அந்தச் சண்டை கிடக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. பந்தயம் சாலைக்கு வந்தபோது சாலை சாலையாக இல்லை. தடுப்புச்சுவர் எழுப்பி, கம்பி வலை கட்டி, சர்வதேச அமைப்பு வந்து சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே எஞ்சின்கள் உறுமின. அந்தக் கையெழுத்துக்காக முதல் நாள் மாலை எல்லோரும் காத்துக் கிடந்தார்கள்!

அந்த இரண்டு ராத்திரியும் டி.வி-யில் பார்த்த பையன்களில் எத்தனை பேருக்கு அந்தக் கம்பி வலை கண்ணில் பட்டிருக்கும்? காரும் வேகமும்தான் பட்டிருக்கும். அது அந்த வயசு. திட்டிப் பயனில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பையன் இருக்கலாம். பெண்ணாகவும் இருக்கலாம். 'வேகம் கெட்டது' என்று அவர்களிடம் சொல்லாதீர்கள், நம்ப மாட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். கார்களைக் காட்டுங்கள். கூடவே கொடியோடு நிற்கும் மார்ஷலையும், கூண்டையும், பட்டைகளையும், ஓரமாக எஞ்சினை அணைக்காமல் நிற்கும் ஆம்புலன்ஸையும் காட்டுங்கள். வேகத்துக்கு என்ன விலை கொடுத்து ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது என்பது தானாகப் புரியும்.

கிளப்காரர்களிடமும் ஒரு வார்த்தை. தளத்தில் ஓட்டிப் பழக இன்று ஆகும் செலவு, வெளிவட்டச் சாலையில் பைக் முறுக்கும் மெக்கானிக் பையனுக்குக் கட்டுப்படியாகாது. சோழவரத்தில் அவனுடைய தாத்தா பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றவராக இருக்கலாம். கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்துச் செய்ததை, இன்றைக்கு இந்தப் பையனுக்காக யாராவது செய்ய வேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது, கையில் நூறு ரூபாயும் தலையில் ஹெல்மெட்டும் உள்ளவனுக்கு அந்தக் கதவு திறக்கட்டும்.

அதுவரை அவன் ஓட்டப்போவது நம் சாலையில்தான். அங்கே கன்று இருக்கிறது, ஆடு இருக்கிறது, நாய் இருக்கிறது. ஸ்கூல் விட்டு வரும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.